மகரந்தம் மிதந்த ஏரி

கதிர் சாமி,

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மில்பிடாஸில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் காரிலேயே வயிற்றுவலி வந்துவிடும் உனக்கு. பரவாயில்லை, மெதுவாகவே படி. போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் "இட்ஸ் ஓகேம்மா" என்று மன்னித்துவிடுவாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. இந்தத் தடவை முழுவதையும் கேட்ட பிறகு எதுவாக இருந்தாலும் சொல். மன்னிக்காவிட்டாலும் சரி.

போன வாரம் பாலாஜி அங்கிள் போன் செய்தார். பேர்லேண்டில் நடக்கப்போகிற உன் கல்யாண ரிசப்ஷனில் தனக்கு ஐந்து நிமிடம் மைக் வேண்டுமாம். "ஏரிக் கதையைத்தான் சொல்லப் போறேன். தூக்கத்துல நடந்து போன மாப்பிள்ளை! லாஸ்ட்ல அந்த தாய் மனசு பார்ட் வரும் பாருங்க, நிலா வீட்டு ஆளுங்க எல்லாம் அழப் போறாங்க" என்றார். அப்பா ஸ்பீக்கரில் போட்டுச் சிரித்துக்கொண்டே, "தாராளமாச் சொல்லுங்க பாலாஜி" என்றார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அதற்கு முந்தைய மாதம் நிலா நம் வீட்டுக்கு வந்திருந்தாள் அல்லவா? நீயும் அப்பாவும் கடைக்குப் போயிருந்தபோது அவள் சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? கதிருக்கு ஸ்லீப்வாக்கிங் இருக்கா? ட்ரிப் போனா ரூம் கதவுக்கு முன்னாடி சூட்கேஸ வெச்சு, அதுமேல ஒரு மணியையும் கட்டிட்டுத் தூங்குறானாம். அவன் ரூம்மேட் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். கேம்பிங்னா வரவே மாட்டேங்குறான். டென்ட்டுக்குக் கதவு கிடையாது, நான் எங்கயாவது நடந்து போயிடுவேன்னு சொல்றான்" என்றாள். அவள் சிரிக்கவில்லை. கல்யாணம் ஆனதும் உன்னோடு ஏதாவது ஒரு மலை ஏரிக்குப் போக வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் ஆசையாம். "அந்த ஒரு இடம் மட்டும் வேண்டாம்கிறான் ஆன்ட்டி" என்றாள்.

அந்த மணி எது என்று எனக்குத் தெரியும். அதைக் கதவில் கட்டியவர் உன் அப்பா. கட்ட வைத்தவள் நான். சாமி, உனக்குத் தூக்கத்தில் நடக்கிற பழக்கம் கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது. பாலாஜி அங்கிள் மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். இருபத்தாறு வருடமாக நம் வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்லி வருகிற அந்தக் கதையில் பொய் ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னவள் நான்.

முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு நீச்சல் தெரியும். ஏழு வயதில் என் அப்பா காய்ந்த சுரைக்குடுவையை இடுப்பில் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் என்னை இறக்கிவிட்டார். எட்டு வயதில் குடுவை இல்லாமல் குதித்தேன். எங்கள் பக்கத்தில் அது பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. சைக்கிள் ஓட்டுவது மாதிரி. கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்கு வந்த பிறகுதான் மாறியது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று சொல்லித்தர வீட்டில் யாருக்கும் தெரியாது. அறைத்தோழிகள் உனக்கு என்னென்ன வரும் என்று கேட்டார்கள். ஒருத்தி வீணை என்றாள், ஒருத்தி இந்தி என்றாள். நான் கிணற்றில் மேலிருந்து குதிப்பேன் என்றேன். மூன்று வருடம் என் பெயர் தவளை. மெஸ்ஸில் நான் தட்டோடு நடந்தால் பின்னாலிருந்து யாராவது ஒருத்தி மெல்லக் கத்துவாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் கேட்டாலும் எனக்குத் தண்ணீர் என்றாலே பயம் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். பெண் பார்க்க வந்தபோது உன் அப்பா வீட்டில் கேட்டார்கள். தையல் என்று சொன்னேன். எனக்குப் பட்டன்கூட நேராகத் தைக்க வராது என்பது உனக்கே தெரியும்.

உனக்கு மூன்று வயதாக இருந்தபோது அமெரிக்காவுக்கு, மில்பிடாஸுக்கு வந்தோம். நம் அபார்ட்மென்ட் இரண்டாவது மாடி. பால்கனிக்கு நேர் கீழே நீச்சல் குளம். எனக்கு எச்-ஃபோர் விசா, வேலைக்குப் போக முடியாது. அப்பா ஆபீஸுக்கும் நீ டேகேருக்கும் போன பிறகு அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பகலில் அதில் யாரும் இருக்க மாட்டார்கள். காற்றடித்தால் அடித்தளத்துக் கோடுகள் மெல்ல நெளியும். நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பலகை பெரிய நிம்மதி. அது இல்லையென்றால் இறங்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்திருக்கும். ஒருநாள் வித்யா ஆன்ட்டி அங்கே காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாலாஜி அங்கிளின் மனைவி, சென்னைக்காரி, இன்ஜினியர், வேலைக்குப் போகிறவள், அவ்வளவு நல்லவள். "ஏய், உங்க ஊர்ல எல்லாம் பொண்ணுங்க கிணத்துல குதிப்பாங்களாமே, நெஜமாவா? நீ குதிச்சிருக்கியா?" என்றாள். ஆசையாகத்தான் கேட்டாள். எனக்கு மெஸ் ஞாபகம் வந்தது. "ஐயோ, இல்லீங்க. எனக்குத் தண்ணின்னாலே பயம்" என்றேன்.

நீ அந்தக் குளத்தில்தான் நீந்தக் கற்றுக்கொண்டாய். டீச்சர் ஒரு அமெரிக்கப் பெண். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பேன். நீ காலை மடக்கி உதைப்பது தப்பாக இருக்கும். என் கால் சேலைக்குள்ளேயே அதைத் திருத்தி உதைக்கும்.

தொண்ணூற்றெட்டில் ஜூலை நான்காம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினம், சனிக்கிழமை வந்தது. அதனால் வெள்ளியும் விடுமுறை. அப்பாவும் பாலாஜி அங்கிளும் வியாழனுக்கும் லீவு போட்டார்கள். ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ரைஸ் குக்கர், ஒரு மூட்டை அரிசி எல்லாம் ஏற்றிக்கொண்டு எண்பதாம் நம்பர் ஃப்ரீவேயில் கிழக்கே போனோம். சாக்ரமென்டோவில் அடுப்பில் வைத்த மாதிரி வெயில். அதற்கப்புறம் ஏற ஏற ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தோம். ஒரு வளைவு தாண்டியதும் நீ "அம்மா, லுக், ஸ்னோ!" என்று கத்தினாய். ஜூலையில் பாறை இடுக்குகளில் பனி வெள்ளை வெள்ளையாக மிச்சமிருந்தது. பெரிய ஏரிக்குப் போகிற கூட்டம் எல்லாம் நேராகப் போயிற்று. நாம் பிரிந்து ஒரு மண்பாதையில் திரும்பி மரங்களுக்குள்ளே போனோம். கடைசியில் ஒரு மரவீடு. அதற்குப் பின்னால் பத்து நிமிடம் நடந்தால் சின்ன ஏரி. மோட்டார் படகு கிடையாது, கடை கிடையாது. அந்த அமைதியில் நாம் பேசிக்கொள்வதே நமக்குச் சத்தமாகக் கேட்டது. பாலாஜி அங்கிள்கூடக் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசினார்.

அந்த மாலையில் நீயும் நானும் மட்டும் காட்டுக்குள் நடந்தோம். உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கையில் நான் நானாக இருந்த நேரங்களில் அதுவும் ஒன்று. எல்லாமே பைன் மரம். நான் பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். பைனஸ் பற்றிப் பதினாறு மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் மரத்தைப் பார்த்ததில்லை. எங்கள் லேபில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஃபார்மலினுக்குள் பழுப்பாகிப்போன ஒரு கிளையும் ஒரு காயும் இருந்தன. பாட்டிலுக்கு வெளியே ஒட்டிய சீட்டில்தான் அது பைனஸ் என்று தெரியும். அந்தப் பாட்டிலைப் பார்த்து ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்தேன். இப்போது அது வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒன்றல்ல, மலை முழுக்க. ஊசி இலைகளைப் பறித்து உன் கையில் வைத்து எண்ணச் சொன்னேன். ஒவ்வொரு கொத்திலும் மூன்று. "எப்பவும் மூணா?" என்று சந்தேகப்பட்டு நீ பத்துப் பன்னிரண்டு கொத்துகளை எண்ணிப் பார்த்தாய். மரப்பட்டையில் மூக்கை வைத்தால் கேக்குக்கு ஊற்றுகிற வெனிலா எசென்ஸ் வாசனை வந்தது. நாம் இருவரும் மரம் மரமாகப் போய் முகர்ந்தோம். ஒரு கிளையைத் தட்டினேன். மஞ்சள் புகை கிளம்பியது. அது மகரந்தம், ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு சிறகு இருக்கும், காற்றிலே பறந்து போகும் என்றேன்.

"ஹவ் டு யூ நோ, அம்மா?"

"அம்மா படிச்சிருக்கேன் சாமி."

நீ தலையைத் தூக்கி என்னை அப்படிப் பார்த்தாய். அதுவரை நான் உனக்குச் சோறு ஊட்டுகிறவள், ஷூ மாட்டுகிறவள். "வாட் எல்ஸ் டு யூ நோ?" என்றாய். வேறென்ன தெரியும்? மரங்களுக்கு நடுவே ஏரி மின்னிக்கொண்டிருந்தது. சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வித்யா ஆன்ட்டி வந்துகொண்டிருந்தாள். "அவ்வளவுதான்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கரைக்கு வந்தோம். நீ தண்ணீரில் இறங்கி, கற்றதெல்லாம் காட்டினாய். "அம்மா, கம் இன்! இட்ஸ் நாட் தட் கோல்டு!" என்று கூப்பிட்டாய். உன் உதடு நீலமாக இருந்தது. அப்பா கரையிலிருந்தே, "அம்மாவுக்குத் தண்ணின்னா பயம்டா. நீ வா, ஜுரம் வந்துரும்" என்றார். எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு தடவை. கடைசித் தடவை கூப்பிடும்போது உன் குரலில் நம்பிக்கை இல்லை, பழக்கம்தான் இருந்தது. அதற்குப் பிறகு நீ எந்தக் குளத்திலும் என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாமலும் விழிப்பு வந்தது. நீ எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் சிவப்பு ஸ்வெட்டரோடு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். எழுந்து பின்கதவைத் திறந்தேன். என்ன நினைத்து எழுந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கால் போயிற்று. பாதையெல்லாம் ஊசி இலை மெத்தை, அடி வைக்கிற சத்தமே இல்லை. எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிவிட்டு நிறுத்தியது. ஏரியின் மேல் ஆவி எழுந்து ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. நான் போன இடம் ஒரு சின்ன வளைவு, பெரிய பாறை மறைத்துக்கொள்ளும். அங்கே தண்ணீரின் மேல் மகரந்தம் படிந்து மஞ்சளாக ஆடைகட்டி இருந்தது. காற்று அதைச் சுருள் சுருளாக இழுத்துக் கோலம் மாதிரி ஏதோ போட்டு வைத்திருந்தது. துப்பட்டாவைப் பாறைமேல் வைத்தேன். சல்வாரோடு இறங்கினேன்.

குளிர் என்று சொன்னால் போதாது. மூச்சு நின்றுவிட்டுப் பிறகு தானாகவே வேறொரு இடத்திலிருந்து தொடங்கியது. சல்வாருக்குள் காற்றுப் புகுந்து பலூன் மாதிரி உப்பியது, பிறகு காலோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கையை நீட்டினேன். மஞ்சள் ஆடை கிழிந்து உள்ளே கறுப்பும் பச்சையுமாகத் தண்ணீர் திறந்தது. அடியில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. பத்து வருடமாக மறந்திருந்தேன் என்று நினைத்தேன். கை எதையும் மறக்கவில்லை. நடு ஏரிவரை போய் மல்லாந்து படுத்தேன். காதுக்குள் தண்ணீர் போனதும் உலகத்துச் சத்தம் எல்லாம் அணைந்துபோயிற்று. மேலே மரங்களின் நுனிகளில் மட்டும் வெயில். அங்கே நான் யாருடைய மனைவியும் இல்லை, தவளை இல்லை, எச்-ஃபோர் இல்லை. எனக்கு எடையே இல்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. அந்த நேரத்தை யாராவது திருப்பித் தருகிறேன் என்றால் இன்றைக்கும் வாங்கிக்கொள்வேன். இந்தக் கடிதத்தில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இது உண்மை.

திரும்பிப் பாறைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் எதிர்க்கரையைப் பார்த்தேன். அங்கே என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் தைரியம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பின்கதவு வழியாக வந்து நேராகக் குளியலறைக்குள் நுழைந்து தாழ் போட்டு ஷவரைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தேன் என்றால் நம் வீட்டுப் பெண்களை யார் என்ன கேட்கப் போகிறார்கள்? கூந்தல் நனைந்ததற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. வெந்நீர் வருவதற்குள் அப்பா கதவைத் தட்டினார். "ஏங்கண்ணு, கதிர் உள்ள உன்கூட இருக்கானா?" நான் இல்லை என்றேன். "படுக்கையிலயும் இல்ல, வேன்லயும் இல்ல" என்றார். அவசர அவசரமாக வேறு உடை மாற்றித் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பாலாஜி அங்கிள் ரோட்டுப் பக்கம் ஓடத் தயாராக நின்றார். நான், "ஏரிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்க" என்றேன்.

"அந்தப் பக்கமா? அவ்வளவு தூரம் எப்படிப் போவான்?" என்றார் அப்பா.

"தெரியலீங்க. அங்க இருக்கான்னு தோணுது."

இதுதான் பாலாஜி அங்கிள் சொல்கிற தாய் மனசு. "பாத்ரூம்ல குளிச்சிட்டிருந்த அம்மாவுக்கு எப்படிங்க தெரிஞ்சது?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் நிறுத்துவார் பார், அப்போதெல்லாம் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாங்கள் ஓடினோம். ஓடுகிற வழியில் வித்யா ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டே, என் கழுத்தைப் பார்த்துவிட்டாள். பிடரியிலும் காதோரத்திலும் மகரந்தம் ஒட்டியிருந்தது. "மஞ்சள் தேய்ச்சுக் குளிச்சியா? ட்ரிப்புக்குக்கூட மஞ்சள் எடுத்துட்டு வந்தியா! ஒண்ணும் ஆகாதும்மா, உன் பக்திக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அதன் சிறகுகளைப் பற்றி முந்தின நாள்தான் உனக்குப் பாடம் நடத்தியிருந்தேன்.

நீ ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாய். மீன் பிடிக்க வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் ஜாக்கெட்டை உன்மேல் போர்த்தியிருந்தார்கள். ஷூ இரண்டும் கால் மாறி இருந்தது. அந்த அம்மா, எவ்வளவு கூப்பிட்டும் இந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்கிறான் என்றார். உன் கண் தண்ணீரிலேயே இருந்தது. நான் கூப்பிட்டதும் திரும்பினாய். ஓடி வந்து என் துண்டைப் பிடித்து இழுத்தாய், ஈரக் கூந்தல் உன் முகத்தில் விழுந்தது. "யூ கேம் அப்! அம்மா, யூ கேம் அப்!" என்று அழுதாய்.

"என்னடா சொல்றே?" என்றார் அப்பா.

"அம்மா வாஸ் ஸ்விம்மிங். ஷி வெண்ட் அண்டர்."

பாலாஜி அங்கிள் பயம் தெளிந்த வேகத்தில் உரக்கச் சிரித்தார். "உங்கம்மாவா? ஸ்விம்மிங்கா? டேய், அவங்க பக்கெட்டப் பாத்தாலே பயப்படுவாங்கடா!" எல்லோரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். சாட்சிக்குக் கூப்பிடுகிற மாதிரி பார்த்தாய். நான் சொன்னேன், "அம்மா பாத்ரூம்ல இருந்தேன் சாமி. கனவு கண்டிருப்பே."

அவ்வளவுதான் நான் சொன்னது. மீதி எல்லாம் தானாகவே நடந்தது. கனவு கண்டால் எப்படி அவ்வளவு தூரம் நடந்தான் என்ற கேள்விக்கு, தூக்கத்தில் நடந்திருப்பான் என்று வேனில் திரும்பும்போதே பதில் கிடைத்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா பூஜை அலமாரியிலிருந்த சின்ன வெண்கல மணியை எடுத்துக் கதவில் கட்டினார். அவர் ஸ்டூல்மேல் ஏறிக் கட்ட, நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் மாதம் நீ, "ஐ வாஸ் அவேக், அம்மா" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாய். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாய். பத்து வயதில் பாலாஜி அங்கிளோடு சேர்ந்து நீயே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாய். அன்றைக்கு நான் போய் வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டு அதன் சத்தத்தில் அழுதேன். கண்ணால் கண்டதை உன் கண்ணிடமிருந்தே பிடுங்கிவிட்டேன் என்று அப்போது புரிந்தது. புரிந்தும் சொல்லவில்லை. நாளை சொல்லலாம், பெரியவனானதும் சொல்லலாம் என்று தள்ளினேன். ஒரு பொய்யை முதல் நாள் திருத்தினால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். தள்ளத் தள்ள, சொல்ல வேண்டியது இவ்வளவு பெரிய கடிதமாக வளர்ந்துவிடுகிறது.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது எதையும் நிலாவிடம் தெரியாது என்று சொல்லாதே. அடக்கத்துக்காகவும் சொல்லாதே, வெட்கத்துக்காகவும் சொல்லாதே. நாம் மறைக்கிறது நம் ஒருத்தரோடு நிற்காது. பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளை எழுந்து தேடிக்கொண்டு வந்துவிடும். அவளும் ஏதாவது மறைத்து வைத்திருப்பாள். கேட்டுக்கொண்டே இரு. "வேறென்ன தெரியும்?" என்று நீ என்னைக் கேட்ட மாதிரி கேள். "அவ்வளவுதான்" என்றால் நம்பாதே, இன்னொரு தடவை கேள். உனக்குக் கேட்கத் தெரியும். எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்பாவிடம் முந்தாநாள் சொல்லிவிட்டேன். காலை காபி குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். பிறகு, "எவ்வளவு தூரம் நீந்துன?" என்றார். பாதி ஏரி என்றேன். "பாதி ஏரியா!" என்றார். டம்ளரைக் கழுவி வைத்தார். "பொண்ணு பாக்க வந்தப்ப தையல்னு சொன்னியே. முப்பத்துமூணு வருஷமா என் சட்டைக்குப் பட்டன் வெக்கச் சொல்லிட்டு நான் பாவமா நிக்கிறேன்" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்காமல் கராஜுக்குப் போய்விட்டார். மத்தியானம் வந்து, "மணியக் கட்டுனது நான்தானே. அந்தப் பையன் முழிச்சிருந்தேன்னு சொன்னான், நான் கேக்கல" என்றார். அவரையும் இதில் இழுத்துவிட்டேன். அவரே பாலாஜி அங்கிளுக்குப் போன் செய்து, அந்தக் கதை வேண்டாம், வேறு ஏதாவது சொல்லுங்கள் என்றுவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன்னுடைய முடிவு. சொல்லலாம் என்று நீ நினைத்தால் அந்த ஐந்து நிமிடத்தை எனக்குக் கொடு. நாலு பேர் இருந்தால் சாம்பார் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படுகிறவள் நான். ஆனாலும் மைக்கை வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது அந்தக் கரை. நான் பாறைக்குப் பக்கத்தில் வந்தபோது, அந்தப் பக்கம் மரங்களின் கீழே சிவப்பாக ஒன்று தெரிந்தது. சின்ன உருவம். கையை ஆட்டியது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டியது. யாரோ அமெரிக்கக் குழந்தை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமி, உன் ஸ்வெட்டர் கடையில் வாங்கியதுதான், ஆனால் அதை எடுத்துக்கொடுத்தவள் நான். அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். தெரிந்த அந்த நொடியில் எனக்கு வந்தது பிள்ளை தனியாக நிற்கிறானே என்ற பயம் இல்லை. பார்த்துவிட்டானே என்ற பயம். மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனேன். உள்ளேயே நீந்தி, பாறைக்கு மறுபக்கம் எழுந்தேன். நீ நான் எழுந்ததைப் பார்க்கவில்லை. முழுகினதை மட்டும் பார்த்தாய். என்னைத் தேடிக் கரையோரமாகவே சுற்றி வந்த நீ, நான் மேலே வருவேன் என்று அங்கேயே காத்திருந்தாய். ஆறு வயதில், கால் மாற்றிப் போட்ட ஷூவோடு, யார் கூப்பிட்டும் நகராமல்.

இதைத்தான் மன்னிக்காமல் கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்கிறேன்.

கல்யாணம் முடிந்ததும் நிலாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஏரிக்குப் போ. டென்ட்டிலேயே படு. மணி வேண்டாம், சூட்கேஸ் வேண்டாம், நீ எங்கும் நடந்து போக மாட்டாய். நீங்கள் இருவரும் வந்த பிறகு, எப்போதாவது ஒரு ஜூலையில், எங்களையும் ஒருநாள் கூப்பிடு. ஐம்பத்துநான்கு வயதில் ஒரு நீச்சல் உடை வாங்கி வைத்திருக்கிறேன். கருநீலம், முழங்கால்வரை வரும், முழுக்கை. விலைச்சீட்டு இன்னும் அதிலேயே தொங்குகிறது, நீ கூப்பிட்டால்தான் வெட்டுவேன். விடியும்போது உன்னை எழுப்பி, அம்மா ஏரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். நீ அந்தக் கரைக்குப் போய் நில். நான் நடு ஏரிக்கு வந்ததும் கையை ஆட்டு.

இந்தத் தடவை திருப்பி ஆட்டுகிறேன்.

அம்மா